பெயர்ப்பலகைக் கடைக்கு முதலாளி மாறியபோது

எனக்குக் கல்யாணமாகி ஆடி வந்தது, ஆவணி வந்தது, ஐப்பசியும் வந்தது. பெண்டாட்டி மட்டும் வந்து சேரவில்லை. ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பிரித்து வைப்பார்கள், அதுவும் ஒரே ஒரு மாதம். என்னைப் பிரித்து வைத்தது நான் வேலை பார்த்த கம்பெனி. அவள் தூத்துக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில், நான் துபாய் அல் குசைஸில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில்.

என் விசா முடியப்போகிறது. கம்பெனி அதைப் புதுப்பித்தால்தான் நான் அவளை என் ஸ்பான்சரில் கூப்பிட முடியும். அதற்கு முதலாளி கையெழுத்து வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் பாலக்காட்டு முதலாளி கடையை விற்றுவிட்டார்.

வாங்கியவர் கீழக்கரைக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வந்த அன்றே, "முதலாளி கிதலாளியெல்லாம் வேணாம், காக்கான்னு கூப்பிடுங்க" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் அல்வாவை ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். புது மாப்பிள்ளை என்பதால் எனக்கு மட்டும் இரண்டு. "தம்பி, என் மொதக் கையெழுத்தே உங்க விசாவுக்குத்தான். பொண்டாட்டியக் கூட்டிக்கிடுங்க" என்றும் சொன்னார். அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் எங்கள் பி.ஆர்.ஓ. கையை விரித்தார். கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ்களுக்கு நடையாய் நடக்கும் ஹைதராபாத்காரர் அவர். முதலில் லைசென்சில் புது முதலாளி பெயர் ஏற வேண்டும், பிறகு விசா ஃபைலில் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் கையெழுத்து செல்லும். "பழையவர் கையெழுத்து இன்னிக்குக் காலையோட கலாஸ். புதியவர் கையெழுத்து இன்னும் பிறக்கல. இப்போ கம்பெனிக்குக் கையே இல்ல, பாய். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்று இந்தியில் எச்சரித்துவிட்டுப் போனார்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார், பாருங்கள்! ஊருக்கெல்லாம் போர்டு செய்கிறவர்கள் நாங்கள். புது முதலாளி புதுப் பெயரும் யோசித்து வைத்திருக்கிறார். எங்கள் வாசலில் பழைய போர்டு தொங்கினால் மானம் என்னாவது? பி.ஆர்.ஓ.வின் கார் திரும்புவதற்குள் நான் கம்ப்யூட்டரில் எழுத்து வரைய உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து காக்கா சுவிட்சைப் போட்டார். அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயர் பச்சையாக எரிந்தது. எதிர்க் கஃபேட்டீரியாக்காரர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து வாய் பிளந்தார். நான் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். "நல்லாத்தான் இருக்கு. விசா?" என்று மட்டும் பதில் வந்தது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் இன்ஸ்பெக்டர். லைசென்சில் ஒரு பெயர், வாசலில் ஒரு பெயர். படம் பிடித்தார், நோட்டீஸ் கொடுத்தார், விசா ஃபைலுக்குத் தடையும் விழுந்தது. புது விசா மாஃபி, அதாவது கிடையாது; பழையதைப் புதுப்பிப்பதும் மாஃபி. பி.ஆர்.ஓ. வந்து தலையில் அடித்துக்கொண்டார். "வேற கடைக்காரன் யாராவது இப்படி மாட்டுவானா, பாய்? அவனுக்குப் போர்டு கைக்கு வர்றதுக்குள்ள லைசென்சே வந்திருக்கும்!"

உடனே பழைய போர்டை மாட்டச் சொன்னார். அதை எங்கே போய்த் தேடுவது? வெட்டி ஒரு பிரியாணிக் கடை போர்டுக்குள் சட்டமாக வைத்தாயிற்று. ஆக, விற்றுவிட்டுப் போனவர் பெயரை மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஏதோ வேகத்தில் அது புதுசைவிட அழகாக வந்து தொலைத்தது. அந்த வழியாகப் போன பழைய முதலாளி காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "எந்தா இது! இப்படி ஒரு போர்டு இருந்திருந்தா நான் கடைய வித்திருக்கவே மாட்டேனே" என்றார். காக்கா அவரை வேகமாக டீ குடிக்க அழைத்துப் போய்விட்டார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தாலும், ரூமுக்கு வந்ததும் அழுகையாக வந்தது. அவளைப் போனில் மட்டுமே பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. ஏங்கிப் போயிருந்தேன், சொல்வதற்கென்ன. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்று பழைய பாட்டையே பாடினேன்.

"பொறுத்துப் பாத்தாச்சு. ஷார்ஜால ஒரு ஷிப்பிங் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை கெடச்சிருக்கு. விசா வந்துட்டு" என்றாள்.

"யார் விசா?"

"என் விசாதாங்க. அங்க இப்போதைக்கு முதலாளி மாறலயாம். கேட்டுட்டேன்."

நான் குதித்த குதியில், நைட் டியூட்டிக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர் தலையணையை என்மேல் எறிந்தார்.

தூத்துக்குடி மக்ரூன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பறந்து வந்திருந்தாள். விமான நிலையத்தில் அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன்.

ஷார்ஜாவில் வீடு பார்த்துக் குடியேறிய கொஞ்ச நாளில் காக்காவின் கையெழுத்து செல்லுபடியாயிற்று, தடையும் நீங்கியது. "தம்பி, உங்க விசாதான் மொதல்ல" என்று பேனாவை எடுத்தவர், அதே மூச்சில் இன்னொரு நல்ல சேதியும் சொன்னார். "சவுதி யான்புல இருக்க நம்ம மச்சானும் பார்ட்னரா சேருறாரு!" பி.ஆர்.ஓ. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பார்ட்னர் வந்தால் லைசென்ஸ் மறுபடி மாறும், ஃபைல் மறுபடி நிற்கும்.

வீட்டில் சொன்னேன். "அவுக மாத்திக்கிட்டே இருக்கட்டும். வேலைய அங்கயே பாருங்க, விசாவுக்கு என் ஸ்பான்சர்ல வந்துருங்க" என்றாள். அதற்கு வழியிருந்தது, அவள் சம்பளமும் அதற்குப் போதுமானதாக இருந்தது. அதனால் காக்கா போட்ட முதல் கையெழுத்து என் விசாவை ரத்து செய்யத்தான். "மொதக் கையெழுத்தே ஒருத்தர அனுப்புறதுக்கா போடணும்?" என்று கலங்கிப் போனார். "எங்கயும் போகல காக்கா, வீட்டுக்காரி பேருக்கு மாறுறேன், அவ்வளவுதான்" என்று நான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

விசா விண்ணப்பம் டைப் அடிக்கும் கடையில் இருந்தவர் நிமிராமலே, "கஃபீல் எந்தக் கம்பெனி?" என்று ஸ்பான்சரைக் கேட்டார். அவள் தன் அடையாள அட்டையை நீட்டினாள். அவர் நிமிர்ந்து அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் காதருகே குனிந்து, "பயப்படாதீங்க, நான் யாருக்கும் விக்க மாட்டேன்" என்றாள். பதிலுக்குக் கிண்டலாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.