வெயிலுமுத்து ஒரு தடவைதான் விழுந்தான்

வெயிலுமுத்துவின் இரண்டு கைகளும் கத்தியில் இருந்தன. தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தூக்கிய எருமைத்தோலை மரத்திண்டின் மேல் விரித்துப் போட்டு, இருபுறமும் பிடி வைத்த கத்தியால் மயிரை வழித்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை சுண்ணாம்பு. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொட்டியில் கை வை என்று பெண்டாட்டி இசக்கியம்மாள் பத்து வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மாதுங்காவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. அங்கே டாக்டரம்மா கூட அவள் சொன்னால் கேட்பாள். வீட்டில்தான் கேட்க ஆளில்லை.

கணேசபாண்டியன் வாசலில் வந்து நின்றான். சினிமாக் கம்பெனிகளுக்குக் கூட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருவது அவன் தொழில்.

"வெள்ளிக்கெழம சும்மாத்தானவே கெடக்கிய? நாப்பது ஆளு வேணும். லாரி வரும், சாப்பாடு உண்டு, கூலி உண்டு."

"என்ன வேல?"

"சாவணும்."

தொட்டிக்குள் நின்ற தளவாய் சிரித்தான். "அதை இங்ஙன ஓசியிலயே செய்யுதோமே அண்ணாச்சி!"

அது நாற்பத்திரண்டு மே மாதம். முதலாளி முஸ்லிம் என்பதால் ஷாப்புக்கு வெள்ளிதான் விடுமுறை. தாராவியில் நாற்பது ஆண்பிள்ளைகள் சேர்ந்தாற்போல் கிடைக்கிற நாளும் அதுதான் என்று கம்பெனிக்காரர்கள் கண்டுவைத்திருந்தார்கள். பம்பாய்க்கு வெளியே பாண்டூப் பக்கத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதைக் கிரேக்க நாட்டுக் கணவாய் ஆக்கியிருந்தார்கள். நாற்பது பேருக்கும் ஒட்டுத்தாடி, தொளதொளத்த கால்சட்டை, ஆளுக்கு ஓர் ஈட்டி. எதிரே முப்பது காலேஜ் பையன்கள், சிவந்த தோல், தோளில் சிவப்புத் துணி. அந்த முப்பதை முந்நூறாகவும் இந்த நாற்பதை லட்சமாகவும் காட்டுவது கேமராக்காரன் பாடு. அவனுக்கு உதவியாக, வெட்டு வாங்கி விழுந்தவன் எழுந்து பாறைக்குப் பின்னால் ஓடி, மறுபடியும் வந்து சாக வேண்டும். தளவாய் மத்தியானத்துக்குள் ஆறு தடவை செத்தான்.

வெயிலுமுத்து ஒரு தடவைகூடச் சாகவில்லை.

அம்பாசமுத்திரத்தில் ஏழு வயதிலிருந்து சிலம்பம் ஆடின உடம்பு அது. தலைக்கு நேரே கம்பு இறங்கினால் கை தானாக மேலே போகும். அடுத்த அடியில் எதிராளி கம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கிரேக்க ராஜாவாக நடித்த பஞ்சாபிக்காரனின் ஈட்டி பறந்துபோய் டைரக்டரின் குடையில் குத்தியது. இரண்டாம் தடவையும் பறந்தது. மூன்றாம் தடவை ராஜாவும் சேர்ந்து உட்கார்ந்தான்.

டைரக்டர் இந்தியில் கத்தினார். அதைத் தமிழாக்கிச் சொல்ல உதவி டைரக்டர் வேங்கடசுப்ரமணியன் ஓடிவந்தார். மாதுங்காவாசி; பாலக்காட்டுக் குடும்பம்; படத்தின் கதையை இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொடுத்தவரே அவர்தான்.

"ஏம்ப்பா, விழேன்! உனக்கென்ன கஷ்டம்?"

"நான் விழத்தான் சார் பாக்கேன். கை கேக்க மாட்டேங்கி."

சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இது என்ன சண்டை என்று வெயிலுமுத்து கேட்டான். கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பூரியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். பாரசீகச் சக்கரவர்த்தி ஊர் ஊராகத் தூது அனுப்புகிறான். கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் தண்ணீரும் கொடு. கொடுத்தால் எனக்கு அடங்கினதாக அர்த்தம். இந்த ஊர்க்காரர்கள், வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்று தூதனைக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள். அவன் கடல்போலப் படையோடு வந்தான். முந்நூறு பேர் கணவாயில் நின்று மறித்தார்கள்.

"நாங்க யாரு பக்கம் சார்?"

"சக்கரவர்த்தி பக்கம்."

"கடைசியில ஜெயிக்கிறது?"

"நீங்கதான் ஜெயிக்கறேள். அவா முந்நூறு பேரும் செத்துப்போயிடுவா. ஆனா பேரு அவாளுக்கு."

வெயிலுமுத்து பூரியைக் கீழே வைத்தான். பிறகு தாடியைப் பிய்த்து மடியில் வைத்தான்.

"பேரு இருக்கிற பக்கம் என்னைப் போடுங்க."

"கிரேக்கன்லாம் சிவப்பா இருப்பான்ப்பா."

"மலையில, வேகாத வெயில்ல நின்னு சண்ட போட்டவன் எப்படி சார் செவப்பா இருப்பான்?"

வேங்கடசுப்ரமணியன் இதை டைரக்டரிடம் கொண்டுபோனார். டைரக்டர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அடுத்த வெள்ளி வெயிலுமுத்து லாரியில் ஏறினான். ஆனால் தாடி ஒட்டவில்லை, ஈட்டி எடுக்கவில்லை. ஒரு பாறைமேல் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். கணேசபாண்டியன் வந்து சத்தம் போட்டான்.

"கூலி கெடையாது, பாத்துக்கிடும்!"

"கேக்கலையே."

"பெறவு எதுக்குவே வந்தீரு?"

"மாட்டேன்னு சொல்ல. வீட்டுல இருந்து சொன்னா உமக்குக் கேக்காதுல்லா?"

ஜூனில் மழை வந்து படப்பிடிப்பை நிறுத்தியது. ஆகஸ்டில் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஊரே தெருவுக்கு வந்தது. காலேஜ் பையன்களும் வந்தார்கள். அக்டோபரில் குவாரி காய்ந்து, கடைசிச் சண்டையை எடுக்க ஆள் சேர்த்தபோது முப்பது கிரேக்கர்களில் ஏழு பேர் ஜெயிலில் இருந்தார்கள். வேஷம் போட்டதை நிஜமாகவே செய்துவிட்டார்கள்.

வேங்கடசுப்ரமணியன் மூக்கில் கைக்குட்டையோடு தோல் ஷாப்புக்கு வந்தார். "கம்பு பிடிக்கத் தெரிஞ்ச ஏழு பேர் வேணும்ப்பா. நீ கேட்ட பக்கமே."

வெயிலுமுத்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். குவாரியில் மேக்கப்காரன் வாளியில் வெள்ளைப் பூச்சு கலக்கி வைத்திருந்தான். ஆறு பேரும் பூசிக்கொண்டார்கள்.

"எனக்கு வேண்டாம்" என்றான் வெயிலுமுத்து.

"ஏம்ப்பா மறுபடியும் ஆரம்பிக்கறே! ஒரு நாள்தானே, குளிச்சா போயிடும்."

"வாரத்துல ஆறு நாளு சுண்ணாம்பு பூசிக்கிட்டுத்தான் சார் நிக்கேன். அது சோத்துக்கு. இதுக்கும் பூசணுமாக்கும்?"

சூரியன் மலைக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது. ஃபிலிம் சுருள் யுத்தத்தால் கிராக்கி. இன்று விட்டால் இன்னொரு நாள் எடுக்கச் சுருள் இல்லை. டைரக்டர் வானத்தைப் பார்த்தார், வெயிலுமுத்துவைப் பார்த்தார், தலையில் தொப்பியைக் கவிழ்த்து ஓரத்தில் நிறுத்தச் சொன்னார்.

அந்தத் தகரத் தொப்பி இரண்டாம் வீச்சிலேயே கழன்று உருண்டது. அவன் கழற்றினான் என்று தளவாய் இன்றைக்கும் சொல்வான். அம்புகள் வந்தன. கிரேக்கர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். மே மாதம் முழுக்க விழாமல் நின்ற மனிதன், ஈட்டியைக் கம்பாகச் சுழற்றியபடியே மூன்றடி முன்னால் போய், வெட்டின மரம் மாதிரி முகம் குப்புற விழுந்தான். யாரும் சொல்லித்தரவில்லை. டைரக்டர் "கட்" சொல்லக்கூட மறந்துவிட்டார்.

பாறைமேல் விழுந்தால் எலும்பு உடையும். எலும்புக்குக் கதை தெரியாது. இடது காறை எலும்பு இரண்டாகிப்போய், கையைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இசக்கியம்மாள் விரலால் தடவிப் பார்த்தாள். தோள்களைப் பின்னுக்கு இழுத்து, முதுகில் எட்டு மாதிரி துணி கட்டி, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பக் கட்டினார்.

"ஆறு வாரம் கத்தியத் தொடக் கூடாது" என்றாள் அவள். "ஆறு வாரமும் உமக்குத் தல சீவி விடவும் நாந்தான். என்னத்துக்கு இந்தக் கூத்து?"

"ஏட்டி, படத்துல நான் அந்தப் பக்கம் நிக்கேன்."

"நின்னா?"

"நின்னா நின்னதுதான். பெறவு எவனும் மாத்த முடியாது."

அவள் துணிக்கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

பிறகு படத்துக்காகக் காத்திருந்தார்கள். தீபாவளிக்கு வரும் என்றார்கள், வரவில்லை. பொங்கலுக்கு என்றார்கள், கிங்ஸ் சர்க்கிள் சுவரில் போஸ்டர் மட்டும் வந்தது. ஷாப்பில் நாற்பது பேரும் வேலை முடிந்து நடந்துபோய்ப் பார்த்தார்கள். பஞ்சாபிக்காரன் முகம் யானை அளவுக்கு இருந்தது. அவன் முழங்காலுக்குக் கீழே எறும்பு அளவில் சில பேர்.

"அந்தா கறுப்பா ஒண்ணு தெரியுதே, அது நீயா?" என்று ஒருவன் வெயிலுமுத்துவைக் கேட்டான்.

"அது பசை ஒழுகினது."

"வே வெயிலுமுத்து, நான் ஆறு தடவ செத்திருக்கேன், படத்துல ஆறு தடவ வருவேன். நீரு ஒரே தடவ. அதையும் கத்தரிச்சிருப்பான். கறுப்பனக் கிரேக்கன்னு காட்ட அவனுக்கென்ன கிறுக்கா?"

"கத்தரிக்கட்டும், பாப்போம்."

எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் முடிச்சு விழுந்து. கனத்த தோலைத் தூக்கினால் தோள் வலிக்கும். வலிக்கிறது என்று அவன் சொன்னதில்லை. தொட்டிக்குள் நின்றபடி கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். மண்ணும் தண்ணியும் கேட்ட கதை தாராவியில் குழாயடி வரைக்கும் பரவிவிட்டது. குழாயைச் சீக்கிரம் பூட்டவந்த ஆளிடம் ஒரு கிழவி, "இந்தா, கெணத்துல தள்ளிருவேன்" என்றாளாம்.

நாற்பத்துமூன்று பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் தியேட்டரில் படம் வந்தது. மத்தியானக் காட்சிக்குத் தோல் ஷாப்பே போனது. தரை டிக்கெட்டில் நாற்பது ஆண்களும், பெண்கள் பக்கத்தில் இசக்கியம்மாளோடு பத்துப் பன்னிரண்டு பேரும். தளவாய் சொன்னபடி ஆறு தடவை செத்தான். ஆறு தடவையும் விசில் பறந்தது. கடைசிச் சண்டை வந்தது. வெள்ளைக் கைகளுக்கு நடுவே ஒரு கறுத்த கை கம்பு சுழற்றியது. தொப்பி இல்லாத தலை, மீசை, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. மூன்றடி முன்னால் வந்தான். விழுந்தான்.

தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்றது. அதே நேரம் மாடியிலிருந்து சிரிப்பு வந்தது. "அரே, மதராஸி கிரீக்!" என்று ஒருவன் கத்த, இன்னும் பத்துப் பேர் சேர்ந்து சிரித்தார்கள். படத்தில் முந்நூறு பேர் செத்துக்கொண்டிருந்தார்கள், மாடி குலுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் வேங்கடசுப்ரமணியன் வெயிலுமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"தியேட்டர் மேனேஜர் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டார்ப்பா. டவுன்லயும் சிரிச்சாளாம். நாளைலேர்ந்து நீ வர்ற துண்டை வெட்டிடச் சொல்லிட்டா. நாளைக்கு முதல் காட்சிக்கு முன்னாடி ஆபரேட்டர் வெட்டிடுவான். நான் சொல்லிப் பாத்தேன்."

வெயிலுமுத்து வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கஞ்சியை வைத்துவிட்டு இசக்கியம்மாள் கேட்டாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கப் போறீரா, இல்ல நாளைக்குத் தேட்டருக்குப் போகப் போறீரா?"

"சனிக்கெழம வேல இருக்கு. தொட்டியில தோலு கெடக்கு. ஒரு நாளு கூட ஊறினா வீணாப் போவும்."

"அப்ப வெள்ளன எந்திரியும்."

தளவாய் ராத்திரியே வீடு வீடாகச் சொல்லிவைக்க, மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கே நாற்பது பேரும் தொட்டியில் இறங்கினார்கள். ஊறின தோல்களையெல்லாம் தூக்கி, அலசி, வரிசையாகத் தொங்கவிட்டார்கள். எட்டு மணிக்குக் கரீம் பாட்சா வந்து பார்த்தபோது ஷாப்பு காலியாக இருந்தது. ஆனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கைச் சுண்ணாம்பைக்கூடக் கழுவாமல் எல்லோரும் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தளவாய் போனான்.

தியேட்டர் பின்பக்கத்து இரும்பு ஏணியில் வெயிலுமுத்து தனியாக ஏறினான். ஆபரேட்டர் சலாவுதீன் மேலப்பாளையத்துக்காரர். மேசையில் கடைசிச் சுருளை விரித்து, கத்தரிக்கோலும் ஒட்டுகிற மருந்தும் எடுத்து வைத்திருந்தார். வாசலில் நின்றவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த மீசையை அவர் நேற்று மூன்று காட்சியிலும் பார்த்திருந்தார்.

"வாரும். நீருதானா அது?"

"ஆமா பாய். வெட்டப் போறீகளாம்லா. என் முன்னால வெட்டுங்க."

"எனக்கென்னவே ஆசையா? மேனேஜர் உத்தரவு. சனம் சிரிக்கிதாம்."

"சிரிச்சது அவன். வெட்டுறது என்னையா?"

வெயிலுமுத்து உள்ளே வந்து அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு எலும்பு உடைஞ்சிருக்கு பாய் அந்தத் துண்டுல. வெட்டுனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுங்க. நான் இங்ஙனதான் இருப்பேன்."

"மேனேஜர் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"கீழ எட்டிப் பாக்கச் சொல்லுங்க."

சலாவுதீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். டிக்கெட் ஜன்னலில் தொடங்கிய வரிசை தெரு முனை திரும்பிப் போயிருந்தது. எல்லாருக்கும் முழங்கை வரை வெள்ளை. மேனேஜர் நடைபாதையில் நின்று அந்த வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஜன்னலில் முதல் ஆளாக நின்ற இசக்கியம்மாள் அவரிடம் என்னமோ கேட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒரு அடி பின்னால் போனார்.

சலாவுதீன் கத்தரிக்கோலை எடுத்து அலமாரிக்குள் போட்டார். சுருளை வெட்டாமல் சுற்றி, டப்பாவில் வைத்து மூடினார். மேலே யாரும் ஏறி வரவில்லை.

பத்தரைக் காட்சியில் அந்த இடம் வந்தபோது மாடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். கீழே நாற்பது பேரும் திரையை விட்டுவிட்டு மாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. படம் முடிந்ததும் எல்லோரும் ஷாப்புக்குப் போய் மீதித் தோலை வழித்தார்கள்.