செகண்டு கிளாஸில் மொரப்பூர் வரை

அந்த மார்கழியில் எனக்கு ஒரு ஜம்பம் வந்தது. சென்னையில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பிறந்தது கம்பைநல்லூரில்தான், ஆனால் அப்பாவும் அம்மாவும் போனபின் அங்கே எனக்கென்று ஒரு கதவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை சித்தேரி மலை ஏறுவேன். மலையில் சாமை விதைக்கிற ஒருவன் மொரப்பூர் ரயிலடிக்கு முந்தின நாளே இறங்கிவந்து, எனக்காகக் காத்திருப்பான். முன்னொரு தடவை விஷக்காய்ச்சலில் கிடந்த என்னை முதுகில் சுமந்து இறக்கியவன் அவன். இந்த உலகத்தில் எனக்காக ஓரிடத்தில் காத்து நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான்.

எப்போதும் மூன்றாம் வகுப்புதான். அந்த வருஷம் மட்டும், மலையேறப் போகிற உடம்பு ஒரு ராத்திரியாவது சுகப்படட்டுமே என்று செகண்டு கிளாஸ் டிக்கெட் எடுத்தேன். குளிருக்கென்று வாங்கிய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டேன். தோல் மெத்தை, மின்விசிறி, தனிக் குளியலறை எல்லாம் இருந்தன. பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பென்றால் இந்நேரம் எவளாவது முறுக்கை நீட்டி, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று குடைந்திருப்பாள். அதற்கு எரிச்சல்படுகிற நான் அன்று அந்தக் கேள்விகளுக்கு ஏங்கினேன். வேண்டும் எனக்கு!

விடியற்காலையில் மொரப்பூரில் இறங்கினேன். பனி மூட்டத்தில் கம்பளி போர்த்திய யாரோ ஒருவன் தூணோரம் குனிந்து கும்பிட்டான். பெரிய மனிதர்கள் செய்வதைப்போல் நானும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, உயர்வகுப்பு வெயிட்டிங் ரூமில் போய் உட்கார்ந்தேன். என் மலைக்காரன் வருவான், தேடிப்பிடிப்பான் என்று இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் பிளாட்பாரத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. அவனும் என்னை விட்டுவிட்டானா என்று தூணுக்குத் தூண் போய்த் தேடினேன். கோபமும் வந்தது.

அரூர் வரை வண்டியில் போய், அங்கிருந்து தனியாக நடந்தேன். ஏற்றத்தில் வியர்த்ததால் கோட்டும் தொப்பியும் பைக்குள் போயின. இருட்டுகிற நேரத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றேன்.

என்னைக் கண்டதும் ஓடிவந்தான். குறுக்குப் பாதையில் நடந்து அவனும் அப்போதுதான் வந்திருந்தான்.

"மூணாங்கிளாசுப் பொட்டி அத்தனையும் பாத்தனுங்க, நீங்க இல்லீங்க. தொப்பி போட்ட தொரை ஒருத்தருதான் எறங்குனாரு. கும்புட்டு ஒதுங்கிக்கிட்டேன்."

தொப்பிக்காரரைக் கண்டால் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் குனிந்து ஒதுங்குவது அந்த மலைக்காரர்களின் வழக்கம். எனக்கும் அது தெரிந்ததுதான்.

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அடுத்த ரயிலில் வந்தேன் என்றேன். குளிரில் பல் கிட்டியது. கோட்டை வெளியே எடுக்கவில்லை. அவன் தன் கம்பளியைக் கழற்றி என்மேல் போர்த்தினான்.

"அடடா, அப்ப நீங்க எறங்கறப்ப அங்க யாருமே நிக்கலீங்களே" என்று வருத்தப்பட்டான்.

யாரும் இல்லை என்றேன்.