“சாப்பிட்டதோ?” என்று கேட்ட டொக்டர்

எங்கள் நாய் பிரவுனிக்கு வெள்ளவத்தைச் சந்தையில் சூடை மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. மிருக வைத்தியர் சிவநேசன் போய்விட்டார். வயிற்றில் புண்ணாகி உள்ளுக்குள் இரத்தம் போயிருக்கிறது. முழங்கால் நோவுக்கு விழுங்கிவந்த குளிசைகள்தான் காரணமாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரிடம் நாய் பூனை கொண்டுபோன உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஏனென்றால், அதே ஆபத்திலிருந்து பிரவுனியைக் காப்பாற்றியவர் அவர். வயதான நாய், இடுப்பு வாதம். நோவுக்குக் குளிசை தந்து, சாப்பிட்ட பிறகே கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். மீன்சோற்றுக்குள் வைத்துக் கொடுத்துவந்தோம். கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் வீட்டில் மீன், மச்சம் இல்லை. பருப்புச் சோற்றை பிரவுனி முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. சாப்பாடு தவறினாலும் மருந்து தவறக்கூடாது என்று என் கணவர் அதன் வாயைப் பிளந்து குளிசையைத் தள்ளினார். விரதம் முடிவதற்குள் அது வாந்தி எடுத்தது, எழும்பவே மாட்டேன் என்றது. வயது போய்விட்டது, இனி இப்படித்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டே கிளினிக்குக்குத் தூக்கிப்போனோம்.

டொக்டர் அதை மேசையில் ஏற்றவும் பொறுக்கவில்லை. கதவடியிலேயே உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல் முரசு, ஈறெல்லாம், வெளிறிக் கிடந்தது.

“சாப்பிட்டதோ?”

“இல்லை டொக்டர். விரதம், வீட்டில மீன் இல்லை. ஆனா குளிசை ஒழுங்காக் குடுத்தனாங்கள்.”

“பீ என்ன நிறம்?”

“கறுப்பு. தார் மாதிரி.”

“உள்ளுக்க ரத்தம் போகுது பிள்ளை. விரதம் உங்களுக்கெல்லோ? நாயை ஏன் பிடிக்க வைச்சனீங்கள்?”

குளிசையை நிறுத்தி, சேலைன் ஏற்றி, அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். வயதாகிவிட்டது என்று நான் இழுத்தபோதுதான் எரிந்து விழுந்தார். “வயசு ஒரு நோய் வருத்தமில்லை. நேற்றைக்கும் இண்டைக்கும் என்ன வித்தியாசம், அதைச் சொல்லுங்கோ.” பிரவுனி பிழைத்துக்கொண்டது.

எல்லா நாயும் பிழைக்கவில்லை. பிரவுனியைக் காட்டப் போயிருந்த இன்னொரு நாள், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், தான் போடும் நோவுக் குளிசையையே பாதியாக்கி நாய்க்குக் கொடுத்துவிட்டு, அது விழுந்த பிறகு தூக்கிவந்தார். எங்கள் கண் முன்னாலேயே அது அடங்கிவிட்டது. டொக்டர் வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த மனிதருக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, “நோகுது எண்டுதானே குடுத்தனீங்கள்” என்று மட்டும் சொன்னார்.

செத்தவீட்டில் அவருடைய மனைவியின் பக்கத்தில் இருந்தேன். அக்கா அழாமல் கதைத்துக்கொண்டிருந்தார்.

“காலமை எழும்பினா வெறுந் தேத்தண்ணியோட குளிசை. சாப்பிட்டிட்டுப் போடுங்கோ எண்டா, கிளினிக்குக்கு நேரமாச்சு எண்டுவார். கொஞ்ச நாளா ஒரே களைப்பு. கேட்டதுக்கு, வயசு போனா அப்பிடித்தானே எண்டார்.”

எனக்கு மறுபடி கோபம் வந்தது. எங்கள் நாய்களின் முரசையெல்லாம் பார்த்த மனிதர், தன்னுடையதைக் கண்ணாடியில் ஒருக்காப் பார்த்திருக்கக் கூடாதா?

பிரேதம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்தார். அவருக்கும் முழங்கால் நோவுதான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சாப்பிட்டியளோ அக்கா?”

“அவர் உதில கிடக்கேக்க எனக்கென்ன சாப்பாடு?”

“அப்ப குளிசையும் வேண்டாம்.”

அக்கா என்னைப் பார்த்தார். குளிசையைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து இடியப்பம் வந்தது. அழுகையோடேயே கொஞ்சம் சாப்பிட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். காலையில் பிரவுனியின் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். பிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, சாப்பிட்டாரா என்று கேட்கிறேன்.