அண்ணிக்கு வலிக்காத ஊசி

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, முகாமில் கிடந்து, நடுவட்டத்துத் தேயிலைத் தோட்டத்தில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் எனக்கும் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மெஸ்மரிசம் செய்துகாட்ட கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். எல்லாரையும் இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்ளச் சொன்னார்.

“இப்பப் பிரிச்சுப் பாருங்க. வராதுங்க.”

பெரும்பாலானோர் சிரித்தபடி பிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசும் என் அண்ணிக்கு, வியர்க்க வியர்க்க இழுத்தும் விரல் வரவில்லை. என் விரல்கள் சுலபமாகப் பிரிந்திருக்கும். ஆனால் இதை ஏற்பாடு செய்த தோட்டத்து அதிகாரி முன்வரிசையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயம். எங்கள் இருவரையும் மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

“கண்ணு சொக்குதுங்க. தூங்குங்க.”

அண்ணியின் தலை உடனே சாய்ந்தது. நான் கண்ணை மூடி நடித்தேன். இமையிடுக்கில் பார்த்தால், மெஸ்மரிசக்காரர் அண்ணியின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைச் செருகுகிறார். அண்ணி சுளிக்கக்கூட இல்லை. அடுத்தது நான்.

அவர் என் கையைப் பிடித்தார். நான் என்னையறியாமல் இழுத்துக்கொண்டேன். குனிந்து காதருகே மெல்லச் சொன்னார்: “நீங்க தூங்கலைன்னு தெரியுமுங்க. பயப்படாதீங்க.” பிறகு சத்தமாக, “இவங்களுக்கு இது போதும்” என்று என்னை இறக்கிவிட்டார்.

உயிர் வந்தது என்று நினைத்தேன். அவர் ஐந்து வரை எண்ணி எழச் சொன்னபோது அண்ணி எழவில்லை. மறுபடி எண்ணினார். அசைவே இல்லை. அண்ணன் மேடையில் ஏறி அவரின் சட்டையைப் பிடித்தான். “என்னாய்யா பண்ணுன எம்பொஞ்சாதிய?” நான் அழத் தொடங்கினேன். அவர் மட்டும் பதறாமல், “மெதுவா வருவாங்க, விடுங்க” என்றார். சற்று நேரத்தில் அண்ணி கண் திறந்து, எங்களை விநோதமாகப் பார்த்தாள்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணியிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் புள்ள. ஊசி குத்துனதும் தெரியும். வலிக்கல. கப்பல் ஏறுனதுலருந்து அப்பிடி ஒரு தூக்கம் இல்ல. எந்திரிக்கத்தான் மனசு வரல.”

அந்தப் பதில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அதன்பிறகு பல நாள், அவள் அசந்து படுத்திருந்தால் தோளைத் தொட்டு எழுப்பிவிடுவேன். ஒருநாள், “சும்மா கெடக்க விட மாட்டியா?” என்று திட்டினாள். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.