ட்வைலா ஊற்றிய நீலத் தண்ணீர்

தொட்டிக்குள் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோகிறார் மெக்கானிக் வெர்லின் ஸ்ட்ரவுட். டீசல் வண்டியில் பெட்ரோலா, எஞ்சின் ஆயிலில் கூலன்ட்டா என்று கார்க்காரர் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "என்னத்தைய்யா ஊத்தித் தொலைச்சே?" என்று அவர் கேட்பது பதிலுக்காக அல்ல. அடுத்து வரும் சிரிப்புக்குத் தொண்டையைத் தயார் செய்துகொள்கிறார், அவ்வளவுதான்.

வேலை சுத்தம். அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் மறுநாள் காலை டைனரில், முட்டையும் பன்றிக்கறியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அந்தக் கதையை மேசை மேசையாகச் சொல்லி, ஊற்றியவருக்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார். சர்ச் வேனில் டீசல் போட்ட பாதிரியார் இன்றுவரை 'டீசல் பாஸ்டர்'தான். பெயர் வாங்கியவர்களும் கூடவே சிரிப்பார்கள். அடுத்த தடவை வண்டியை ஒச்சோவாவிடம் கொண்டுபோவார்கள்.

தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது ஒச்சோவாவின் பட்டறை. இந்த மாதிரி எதையாவது மாற்றி ஊற்றிய வண்டி வந்தால், வந்தவர் முகம் வெளியே தெரியாதபடி அவர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவார். அந்தப் பாதி ஷட்டர்தான் வெர்லினின் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டுக்கு நேர்வழி இருக்க, கிடங்கைச் சுற்றிக்கொண்டு போவார். ஷட்டருக்குக் கீழே தெரியும் காலணிகளை வைத்து, வந்திருப்பது யார் என்று கணக்குப் போடுவார். "எங்கிட்ட இருக்கிற மிஷின்ல பாதிகூட அவன்கிட்ட கிடையாது. அப்படி என்னதான் சொக்குப்பொடி போடறான்?" என்று சாப்பாட்டு மேசையில் பொருமுவார். அவர் மனைவி ட்வைலா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளுவாள்.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அந்த ஷட்டருக்குக் கீழே இரண்டு டயர்கள் தெரிந்தன. வசந்தத்தில் அவரே பார்த்துப் பார்த்து மாட்டிய டயர்கள். பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

ஓட்டுநர் இருக்கையில் ட்வைலா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்த ஒச்சோவா, "அமுக்குங்க... பிடிங்க... இப்ப விடுங்க" என்று சொல்லச் சொல்ல, அவள் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டாள். பாட்டு கற்றுக்கொள்கிறவளைப் போல முகத்தில் ஒரு மலர்ச்சி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் வெர்லின் அவளைத் தன் பட்டறையில் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னதுகூட இல்லை.

சக்கரத்தருகே இருந்த பாட்டிலில் வடிந்திருந்த எண்ணெயில் நீலம் கலந்திருந்தது. காரின் முன்கண்ணாடியைக் கழுவுகிற நீலத் தண்ணீர். அதை பிரேக் ஆயில் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். தொட்டி சிறியது, உடனே பொங்கி வழிந்ததும் விஷயம் புரிந்து, வண்டியைக் கிளப்பாமல் இழுவை லாரியைக் கூப்பிட்டிருக்கிறாள். செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறாள், கூப்பிட வேண்டிய ஆளைத் தவிர.

ஒச்சோவா வெர்லினைக் கவனிக்கவில்லை. அடியிலிருந்து வெளியே வந்து, காலி பாட்டில் எடுக்கப் பின்னறைக்குப் போனார். அங்கே கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

"நான் இதே ஊர்லதானே இருக்கேன், ட்வைலா?"

"தெரியும்" என்றாள் அவள். "டைனர்ல எனக்கு என்ன பேரு வச்சிருப்பே?" என்று கேட்டாள்.

நீலத்தைப் பார்த்த கணமே ஒரு பெயர் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தது. அவள் அதை அவர் முகத்திலேயே படித்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே நிழலில் போய் நின்றாள்.

வெர்லின் அவள் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பஞ்சு மாதிரி அமுங்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். அது கல்லாக நின்றது. ஒச்சோவாவின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

இறங்குவதற்குள் ஒச்சோவா திரும்பிவிட்டார். முன்பக்கம் ஏறிட்டுப் பார்க்காமல் நேராகப் பின்சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்தார். அங்கிருந்து குரல் வந்தது. "நீலம் போயிடுச்சு. கடைசியா ஒரே ஒரு தடவை. அமுக்குங்க, ட்வைலா."

வெர்லின் அமுக்கினார்.

"அப்படித்தான். உங்க காலுக்கு நல்லா பழகிடுச்சு. அப்படியே பிடிச்சுக்குங்க."

வெர்லின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல், 'விடுங்க' என்று ஒச்சோவா சொல்லும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார்.