கதவுக்கு அந்தப் பக்கம்

லண்டன் ஆர்ச்வேயில் எங்கள் கட்டிடத்தில் காஸ் கசிந்த காலையில் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள், கீழ்த்தளத்து முதியவரைத் தவிர. தொண்ணூறைத் தாண்டியவர். தனியாக இருந்தார். நானும் கணவரும் கடைசியாகப் படியிறங்கி வந்தபோது, தீயணைப்பு வீரர் ஒருவர் அவருடைய கதவை முஷ்டியால் இடித்துக்கொண்டிருந்தார்.

"வெளியே வாருங்கள்! உடனே!"

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார் என்று விளங்கியது. பிறகு அவர் குரல் கேட்டது. ஆங்கிலம் இல்லை, ஜெர்மன்.

 தேநீர் குடிக்கும்போது ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். வியன்னாவில் அவருக்கு ஆறு வயது. யூதர் வீடுகளின் கதவுகளைச் சீருடைக்காரர் இப்படித்தான் இடித்தார்களாம். தாய் அவரை அலுமாரிக்குள் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். தகப்பனைக் கொண்டுபோனார்கள்.

"இடிக்காதீர்கள்," என்றேன். "என்னைப் பேச விடுங்கள்."

"கொஞ்ச நேரம்தான். பிறகு கதவை உடைப்போம்." தீயணைப்பு வீரர் விலகி நின்றார்.

வாசலில் இருந்து கணவர் கத்தினார். "இஞ்சரும், வெளியில வாரும்! அவையள் பார்த்துக்கொள்ளுவினம்!"

"ஏலாது. அவர் இவையளுக்குத் திறக்க மாட்டார். நீங்கள் போங்கோ, நான் வாறன்."

காஸ் மணம் தொண்டையைக் கவ்வியது. முழங்காலிட்டு, கதவில் கடிதம் போடும் துவாரத்தைத் திறந்தேன்.

"நான்தான், மேல்வீட்டுக்காரி. காஸ் கசிகிறது. பாதுகாப்புக்குத் தேவாலய மண்டபத்துக்குப் போகவேண்டும்."

உள்ளே இழுபடும் சத்தம் நின்றது. பிறகு ஆங்கிலத்தில், சின்னக் குரலில் கேட்டார்: "திரும்பி வருவோமா?"

ஓம், வருவோம் என்று சொல்ல வாய் வந்தது. பத்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய இரவில் என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியாது. ஆனால் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன்."

நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. இரண்டு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, தீயணைப்பு வீரரின் முகத்தைப் பார்க்காமலே நடந்தார்.

மண்டபத்தில் உட்கார்ந்த பிறகும் என் கையை விடவில்லை. "வியன்னாவில் பிள்ளைகளை மட்டும் லண்டனுக்கு ஏற்றிய ரயில் அது. 'அடுத்த கிழமை நானும் வருவேன்' என்று அம்மா சொன்னார். நம்பித்தான் ஏறினேன். இங்கே என்னை ஏற்றுக்கொண்ட பெண் நல்லவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். போர் தொடங்கிய பிறகும் கூட்டிப்போனார்."

"அம்மா..." என்று இழுத்தேன்.

வரவில்லை என்று தலையை அசைத்தார். "தெரியாது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை," என்றார். அவருக்குப் பாதி வயதுகூட ஆகாத என்னைப் பெரியவர் என்றது அப்போது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

மாலையில் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். கணவர் அவரைத் தாங்கிப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். முதியவர் கதவைச் சாத்தி, உள்ளே இரண்டு பூட்டையும் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தொலைக்காட்சிச் செய்தி, வழக்கம்போல உரக்க, எங்கள் வீடுவரை கேட்டது.