டீத்தூள் மூட்டைகளுக்கு நடுவே எங்கள் மோரிஸ் மைனர்

மழை விட்ட காலையில் எங்கள் மோரிஸ் மைனரின் கதவைத் திறந்தால், குளிர்ந்த தோல் சீட்டும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும்...

அப்பா சோக்கை இழுத்துவிட்டுச் சற்றுக் காத்திருப்பார். பிறகுதான் ஸ்டார்ட்டர். குன்னூர்க் குளிரில் அவசரப்பட்டால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்பார்.

எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அப்பாவுக்கு விற்ற கார் அது. பக்கத்து ஜெகதளாவில் கொஞ்சம் தேயிலைத் தோட்டமும் இருந்தது எங்களுக்கு.

பிறகு தேயிலை விலை விழுந்தது. பச்சை இலையை விற்றால் பறிகூலிக்குக்கூடத் தேறவில்லை. பறிக்காமல் விட்ட செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன.

காரை விற்க அப்பா முடிவு செய்தார். ஊரிலேயே ஒரு டாக்டர் ஆசையாகக் கேட்டார்.

"ஓடுற வண்டி ஓடட்டும் கண்ணு. டாக்டர் ஓட்டீட்டுப் போறப்ப ரோட்டோரமா நின்னு பாத்துக்கறேன்" என்றார் அப்பா என்னிடம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அண்ணன் விடவில்லை. அவர் டீ ஃபேக்டரியில் டீமேக்கர்; தூள் தயாரிப்பு அவர் பொறுப்பு. அப்போது அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அதனால் அவர் வைத்ததே சட்டம்.

"சும்மா இருங்கப்பா. டீக்கும் வெலை ஏறும், காருக்கும் ஏறும். இப்ப வித்தா ஊரே சிரிக்கும்."

காரைத் தோட்டத்து ஷெட்டில் தள்ளினார். டீத்தூள் ஈரத்தை இழுக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஃபேக்டரியில் விலைபோகாத தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து காருக்குள் அடுக்கினார். துரு பிடிக்காதாம். மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்.

இழுத்த ஈரம் எங்கே போகும் என்று கேட்டேன். அப்போது நான் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன்.

"காலேஜுக்குப் போனா டீயப் பத்தி எனக்கே சொல்லித் தருவியா? போடா."

அப்பா எத்தனையோ தடவை கெஞ்சினார். "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தரலாமா?"

"கதவத் தொறந்தா பனி உள்ள போயிருமுங்கப்பா."

பெற்ற மகனிடம், தன் சொந்தக் காரைத் தொடுவதற்கு அனுமதி... தார்ப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படியே ஒரு மழைக்காலத்தில் போயும் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு பல வருஷம் கழித்துத்தான் அண்ணனுக்கு விற்க மனம் வந்தது. பழைய கார்களை வாங்கிச் சீர்செய்யும் மெக்கானிக் ஒருவர் கோவையிலிருந்து வந்தார். கதவு திறக்கவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உள்ளே மூட்டைகள் பூஞ்சை பூத்து, கறுத்து, களியாகிக் கிடந்தன. முதல் மூட்டையைத் தூக்கியபோது காரின் தரையும் அதோடு பெயர்ந்து வந்தது.

"ஏனுங்க, காருக்கு டீ ஊத்தியே கொன்னுபோட்டீங்களே!" என்று மெக்கானிக் சிரித்தார்.

அண்ணனும் சிரித்தார். "நான் அப்பவே வித்தரலாம்னு சொன்னனுங்க. எங்கப்பாதான் கேக்கல."

என் முகத்துக்கு நேராக. கூசாமல்.

இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. நான் மறுத்தேன். மெக்கானிக் முன்னாலேயே கத்தினேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

போன வாரம் நண்பர் ஒருவர், அண்ணன் ஃபேஸ்புக்கில் போட்டிருந்த போட்டோவை அனுப்பினார். ஊட்டியில் பழைய கார்களின் கண்காட்சி. அந்த மெக்கானிக் வாங்கிப்போய்ச் சீர்செய்த புதுத் தரை, புதுப் பெயிண்ட், பளபளக்கும் எங்கள் மோரிஸ் மைனர். பானெட்டில் கை வைத்தபடி அண்ணன். கீழே அவரே எழுதியிருக்கிறார்: "அப்பாவின் நினைவாக நாங்கள் பாதுகாத்து வைத்திருந்த கார்."

அதன் கீழே அருமை, பெருமை என்று பலர் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறதாம். மலை ஏறும்போது சத்தமே இல்லையாம். இருக்கட்டும்...

டாக்டர் கேட்டு வந்த அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரோட்டோரமாக நின்று பார்க்க ஒருவர் இருந்தார்.